மலரின் மருமங் கண்ட ஸ்பிரெங்கல்

வண்டு மலரை நாடிச் செல்வதைக் காணாதார் இலர். தேன் வேண்டியே அது செல்கின்றது என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயின், மலர் எதனை வேண்டித் தன்னகத்தே தேனை வைத்திருக்கின்றது என்னும் வினாவை எழுப்பி, அதற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்டார் ஒருவர் உளர். அவர் செல்வருமல்லர், பல்கலைக்கழகப் பேராசிரியருமல்லர், ஒரு சிறு நகரத்துப் பள்ளியின் தலைமையாசிரியர். தாவர நூல் கற்கும் மாணவர்க்கு அவர் பெயர் இன்று நன்கு பழகியதே. அவருடைய வாழ்க்கையோ அத்துணைப் பழகியதன்று. கிறிஸ்தியான் கொன்ராது ஸ்பிரெங்கல் என்னும் அப்பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

ஜெர்மனி தேசத்தில், ஹாவெல் நதிக்கரையிலுள்ள பிரான்டன்பர்க் நகரில், 1750-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் நாள் ஸ்பிரெங்கல் பிறந்தார். இவர் தந்தையார் ஒரு குருவானவர். மைந்தரும் தந்தையார் நெறியைத் தழுவி, ஹல்லே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சமய நூல் கற்றார். ஹல்லே என்னும் பெயர் நம்மவர்க்குப் புதியதன்று. தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து தமிழ் கற்றுத் தொண்டாற்றிய ஸ்வார்ட்ஸ், பப்ரீஷியஸ் முதலிய பெரியோர் அந்நகரிற் பயின்றவரே.

ஸ்பிரெங்கல் குருத்துவப் பணியை மேற்கொண்டாரல்லர். 1774-ஆம் ஆண்டு முதல் பெர்லின் நகரில் ஆசிரியத் தொழிலில் அமர்ந்தார். பின்னர் 1780-இல், அக்காலத்தில் பெர்லினுக்கு அணித்தாயிருந்த ஸ்பாண்டவ் நகரின் லுத்தரன் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். மொழிகளைக் கற்பிப்பதே அவருடைய முதன்மையான வேலை. லத்தீனும் கிரேக்கமும் அவருக்குக் கைவந்த கலைகள். தாவர நூலிலோ அக்காலத்தில் அவர்க்குச் சிறிதும் பயிற்சியில்லை.

மருத்துவர் காட்டிய வழி

வீட்டகத்தே அடைபட்டு நூலோடு நூலாய்க் காலங் கழித்தமையாற் போலும், ஸ்பிரெங்கலின் உடல்நலங் குன்றிற்று. அந்நகரில் மருத்துவராயிருந்த ஏர்ன்ஸ்டு லூத்விக் ஹைம் என்பார் இவரைக் கண்டு, வெளியிற் சென்று உலாவுமாறும், செடி கொடிகளை ஆராய்வதில் மனத்தைச் செலுத்துமாறும் அறிவுறுத்தினார். இம்மருத்துவரே இளைஞராயிருந்த அலெக்ஸாந்தர் ஹும்போல்ட்டுக்கும் தாவர நூலில் முதற் பயிற்சி அளித்தவர். மருந்தாகக் கொடுக்கப்பட்ட ஒரு பொழுதுபோக்கு, கொண்டவரின் வாழ்க்கை முழுவதையும் தனதாக்கிக்கொண்டது. ஒரு நல்ல மருத்துவரின் சொல் எத்துணைத் தூரஞ் செல்லக்கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அக்காலத் தாவர நூலாரின் நிலையையும் ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும். தாவரங்களுக்கும் ஆண் பெண் உறுப்புக்கள் உண்டென்பதை 1694-ஆம் ஆண்டிலேயே கேமராரியஸ் என்பார் சோதனையாற் காட்டியிருந்தார். லின்னேயஸ் என்னும் பேரறிஞர் அவ்வுறுப்புக்களின் தொகையைக்கொண்டே செடிகளை வகுத்துப் பெயரிட்டார். பூச்சிகள் மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன என்பதைக் கொல்ரூட்டர் என்பார் 1761-ஆம் ஆண்டு முதல் தாம் வெளியிட்ட நூலிற் குறித்திருந்தார். ஆயினும், பூந்தேனின் பயன் யாது என்பதில் தெளிவு பிறக்கவில்லை. அது சூற்பையை நனைத்து விதையை வளர்க்கின்றது என்றனர் சிலர். ஆதலின் தேனீ செடிக்குத் தீங்கு செய்யும் திருடனே என்பது அவர்தம் முடிபு. புதிய செடிகளுக்குப் பெயரிடுதலே பெரும்பாலோர்க்குத் தொழிலாயிருந்தமையால், மலரை அது வளரும் இடத்திலேயே இருந்து பார்ப்பார் அரியராயினர்.

1787-ஆம் ஆண்டுக் கோடை

இந்நிலையில், 1787-ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்பிரெங்கல் காட்டு ஜெரேனியம் என்னும் செடியின் மலரைக் கூர்ந்து நோக்கினார். அது ஐரோப்பியக் காடுகளிலும் புல்வெளிகளிலும் எவரும் நடாமல் தானே வளரும் செடி. அதன் இதழ்களின் அடியில், உட்புறத்தும் ஓரங்களிலும், மெல்லிய மயிர்கள் இருக்கக் கண்டார். படைத்தவர் ஒரு மயிரையேனும் வீணாக அமைத்திரார் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஆதலின், இம்மயிர்கள் எதற்கு எனத் தம்மைத் தாமே வினவினார். அவற்றின் கீழே தேன்துளிகள் இருந்தன. நம் நெற்றியினின்று வழியும் வியர்வை கண்ணுள் வீழாதவாறு புருவமும் இமைமயிரும் தடுத்தல்போல, மழைநீர் தேனொடு கலவாதவாறு இம்மயிர்கள் காக்கின்றன எனக் கண்டார். மழைநீர் கலவாமற் காக்கப்படுந் தேன், மலருக்கே உரியதாயின் இத்துணைக் காவல் எதற்கு? வேறெவர்க்கோ விருந்தாக வைத்திருப்பதனாலன்றோ இப்பாதுகாப்பு என எண்ணினார்.

மறு ஆண்டில் மறவாதே என்று பொருள்படும் பெயருடைய சிறு நீலப் பூவை ஆராய்ந்தார். அதன் வான்நீல இதழ்களின் நடுவே, தேனுள்ள குழாயின் வாயிலைச் சூழ்ந்து மஞ்சள் வளையம் ஒன்று இருந்தது. பறந்து வரும் பூச்சிக்கு வாயில் இதுவெனக் காட்டும் அடையாளமே அவ்வளையம் என அவர் துணிந்தார். பிற மலர்களிற் காணும் புள்ளிகளும் கோடுகளும் இத்தன்மையனவே என்பதும் பின்னர்ப் புலனாயிற்று. 1789-இல் ஐரிஸ் என்னும் மலரை நோக்கியபோது, பூச்சியின் உதவியின்றி அது கருவுறவே இயலாதென்பதைக் கண்டார். இங்ஙனம் மூன்று கோடைகளில், மயிர், நிறம், மணம், தேன் ஆகிய யாவும் ஒரே கருத்துக்கு இயைந்தன என்பது அவர்க்குத் தெளிவாயிற்று. மலர் பூச்சிக்கு உணவளிக்கின்றது. பூச்சியோ தான் அறியாமலே மகரந்தத்தைச் சூல்முடியிற் சேர்த்து மலருக்கு உதவுகின்றது.

அவர் கண்ட பிற உண்மைகளும் பல. எப்பிலோபியம் என்னுஞ் செடியில், கேசரங்கள் முதிர்ந்து மகரந்தத்தை உதிர்த்த பின்னரே சூல்முடி விரிகின்றது. ஆகவே, இளைய மலரின் மகரந்தத்தை முதிய மலருக்குப் பூச்சி கொண்டு செல்லுதல் வேண்டும். மலர் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதை இயற்கை விரும்பவில்லை போலும் என்னும் அரிய முடிபுக்கு இதனால் வந்தார். இரவில் மலரும் பூக்களுக்குப் பெரிய வெளிய இதழும் மிக்க நறுமணமும் இருத்தலையும், வழிகாட்டும் கோடுகள் இன்மையையும் நோக்கி, இருளில் அக்கோடுகளாற் பயனில்லை என்று காரணங் கூறினார். காற்றினாற் கருவுறும் மலர்களுக்கு நிறமுந் தேனும் இல்லாமையையும், அவை நுண்ணிய மகரந்தத்தை மிகுதியாக உண்டாக்குதலையும் எடுத்துக் காட்டினார். சில ஆர்க்கிடு மலர்கள் தேன் உள்ளனபோற் காட்டிப் பூச்சிகளை ஏமாற்றுகின்றன என்றும் எழுதினார். இக்கடைசிக் கூற்றைப் பிற்காலத்தில் டார்வினே நம்பத் தயங்கினார். ஆயினும், ஸ்பிரெங்கல் கூறியதே உண்மையென இந்நாளில் உறுதியாயிற்று.

நூலும் அதன் கதியும்

இவ்வாராய்ச்சிகளையெல்லாந் திரட்டி, மலர்களின் அமைப்பிலும் கருவுறுதலிலும் கண்டறியப்பட்ட இயற்கையின் மருமம் என்று பொருள்படும் பெயரால் ஒரு பெருநூலை 1793-ஆம் ஆண்டு பெர்லினில் வெளியிட்டார். 461 செடிகளைப்பற்றிய செய்திகள் அதில் அடங்கியுள்ளன. அவரே வரைந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட சித்திரங்கள் 25 செப்புத் தகட்டுப் படங்களிற் பொறிக்கப்பட்டன. இத்துணை உழைப்பையும் உலகம் ஏற்றுக்கொண்ட விதந்தான் வருந்தத்தக்கது. தாவர நூலார் பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மகாகவியாகிய கேத்தேயும், இயற்கைக்கு மனிதரைப்போலக் கருத்துக் கற்பிப்பது முறையன்றென்று அதனை ஏற்க மறுத்தார். இரண்டாம் பாகமொன்றையும் ஸ்பிரெங்கல் எழுத எண்ணியிருந்தார். முதற்பாகம் விலைபோகாமையால் அது வெளிவராமலே போயிற்று.

நூல் வெளிவந்த மறு ஆண்டே, அதாவது 1794-இல், அவர் தலைமையாசிரியர் பதவியினின்றும் நீங்க நேர்ந்தது. இதனைக் கூறுமிடத்து நாம் நடுவுநிலை தவறலாகாது. உலகம் ஒரு மேதையைக் கொடுமைப்படுத்திற்று என்று கூறிவிடுதல் எளிது; ஆயின், அஃது உண்மையின் ஒரு பாதியே. ஸ்பிரெங்கல் கடுஞ்சினமுடையவர், மாணவரிடத்து மிகக் கண்டிப்பானவர், பெற்றோரோடும் மேலதிகாரிகளோடும் பன்முறை பிணங்கியவர். செடிகளின்மேற் சென்ற அவருடைய கருத்துப் பள்ளியின்மேற் குறைந்தது என்னுங் குற்றச்சாட்டும் எழுந்தது. வகுப்பிற் கற்க வந்த சிறுவர்க்கு அவர்மீது உரிமை உண்டன்றோ? ஒரு மலரின் மயிரினையும் வீணென்று தள்ளாத பொறுமை, முரட்டு மாணவன்பால் அவரிடத்து இல்லாமற் போனது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆராய்ச்சியும் கற்பித்தலும் ஒருவரிடத்தே முரணும்போது எது விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்பது, ஆசிரியராயிருப்பார் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே விடுவித்துக்கொள்ள வேண்டிய வினா. ஸ்பிரெங்கல் கொண்ட முடிபுக்குரிய விலையைத் தாமே கொடுத்தார் என்பதை மட்டும் கூறி அமைகின்றோம்.

பெர்லின் வாழ்க்கை

சிறிய உபகாரச் சம்பளத்தோடு பதவி நீங்கிய அவர், பெர்லினுக்குச் சென்று ஒரு வீட்டின் மேன்மாடத்து அறையில் எளிய வாழ்க்கை நடத்தினார். மணஞ் செய்துகொண்டாரில்லை. மொழிகளும் தாவர நூலுங் கற்பித்துச் சிறு ஊதியம் பெற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில், விரும்பி வருவோரை நகர்ப்புறங்களுக்கு அழைத்துச் சென்று, வழியிற் காணும் செடிகளை விளக்கிக் காட்டுவார். அத்தகைய உலாவில் அவரோடு சென்ற மாணவரொருவர் பின்னாளில் எழுதிய குறிப்பே அவர் வாழ்க்கையைப்பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகளிற் பலவற்றுக்கு மூலமாயிருக்கின்றது. பள்ளியிற் கடியராயிருந்தவர், வெளியிற் செடிகளுக்கிடையே இனிய ஆசிரியராயினர் என்று கருத இடமுண்டு.

1811-ஆம் ஆண்டில் தேனீக்களின் பயனையும் தேனீ வளர்ப்பின் இன்றியமையாமையையும் விளக்கிச் சிறுநூலொன்று வெளியிட்டார். தேனுக்காகவும் மெழுகுக்காகவுமே தேனீயை மக்கள் வளர்க்கின்றனர். பயிரும் பழமரமும் நன்கு காய்த்தற்கு அது செய்யும் உதவியோ அவற்றினும் பெரிது என்பது அந்நூலின் கருத்து. நாட்டைக் காக்க நிலைப்படை வைத்திருத்தல்போல, விளைவைப் பெருக்கத் தேனீக்களாகிய நிலைப்படையையும் அரசு வைத்திருத்தல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். நெப்போலியனுடைய யுத்தங்களால் ஜெர்மனி அல்லலுற்றிருந்த காலம் அது. படைகளின் பேரொலியில் இவ்வாசிரியரின் மெல்லிய குரல் எவர் செவிக்கும் எட்டவில்லை.

பின்னர்த் தமக்கு முன்னே பழகிய மொழிநூலுக்கே மீண்டு, உரோமப் புலவர்களின் பாடல்களைப்பற்றி ஆராய்ச்சி நூலொன்றை 1815-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1816-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ஆம் நாள், பெர்லின் நகரில் உயிர் நீத்தார். அவருடைய உருவப்படம் ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது. அவர் அடக்கஞ் செய்யப்பட்ட இடமும் இன்று அடையாளமின்றிப் போயிற்று.

மீண்டும் எழுந்த புகழ்

நூல் வெளிவந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தபின், 1841-ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தினராகிய தாவர நூற்புலவர் ராபர்ட் பிரவுன், மலர்களைப்பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த சார்லஸ் டார்வினுக்கு இந்நூலைப் படிக்குமாறு கூறினார். டார்வின் அதனை வியந்து பயின்றார். ஸ்பிரெங்கல் கண்ட உண்மைகளைத் தம் தோட்டத்திலேயே சோதித்துப் பார்த்து, 1862-இல் ஆர்க்கிடு மலர்களைப்பற்றியும், 1876-இல் பிறமலர் மகரந்தத்தாலும் தன்மலர் மகரந்தத்தாலும் உண்டாகும் விளைவுகளைப்பற்றியும் நூல்கள் வெளியிட்டார். மலர் தன் மகரந்தத்தை ஏன் விலக்குகின்றது என்பதற்கு ஸ்பிரெங்கலால் விடை கூற இயலவில்லை. பிற செடியின் மகரந்தத்தால் உண்டான வித்துக்கள் பெரும்பாலும் வலிமையிலும் உயரத்திலும் மேம்பட்ட செடிகளைத் தருகின்றன எனப் பல ஆண்டுச் சோதனைகளால் டார்வின் காட்டி, அவ்விடையை நிரப்பினார். ஜெர்மனியில் ஹெர்மன் மூல்லர் என்பார் 1873-இல் எழுதிய நூலால் இவ்வாராய்ச்சி மேலும் வளர்ந்தது. உயிரோடிருந்த நாளில் வாங்குவாரின்றிக் கிடந்த ஸ்பிரெங்கலின் நூல், வெளிவந்து ஒரு நூற்றாண்டு நிறைந்த காலத்தில் மறுபதிப்பாக மீண்டும் வெளிவந்தது. பெர்லின் தாவரத் தோட்டத்தில் அவர் பெயரால் ஒரு நினைவுக்கல்லும் நாட்டப்பட்டுள்ளது.

இக்காலத்துக்கு அவர் விட்ட செய்தி

அவர் நாட்டில் அவருடைய சொல்லுக்கு இன்று புதிய தேவை உண்டாகியிருக்கின்றது. ஜெர்மனியின் பாதுகாக்கப்பட்ட நிலங்களில் 63 இடங்களிற் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து நிறுத்துப் பார்த்தவர்கள், 1989-ஆம் ஆண்டுக்கும் 2016-ஆம் ஆண்டுக்கும் இடையே அவற்றின் மொத்த எடை நூற்றுக்கு 75-க்கு மேற் குறைந்துவிட்டதென 2017-இல் வெளியிட்டனர். உலகின் முதன்மையான உணவுப் பயிர்கள் 115-ஐ ஆராய்ந்தோர், அவற்றுள் 87 பயிர்கள் மகரந்தத்தைச் சுமக்கும் உயிர்களின் உதவியை ஓரளவேனும் வேண்டி நிற்கின்றன என 2007-இல் கண்டனர். ஆகவே பூச்சியின் குறைவு மனிதனின் கலத்தையுந் தீண்டும்.

இதற்கு ஒரு சிறு மருந்தாக, வீட்டுத் தோட்டங்களில் நாட்டுக் காட்டுப்பூக்களை வளர்க்கும் வழக்கம் அங்கே பரவி வருகின்றது. அவற்றுள் ஒன்று, பிரான்டன்பர்க் நாட்டு மணற்பாங்கான வெளிகளில் இயல்பாகவே வளரும் காட்டுத் தைம். நிலத்தோடு படர்ந்து, கோடையிற் செந்நீலச் சிறு பூக்களைக் கம்பளம் விரித்தாற்போற் பூக்கும் இச்செடியின் இலையைக் கசக்கினால் நறுமணங் கமழும். இதன் விதை மிக நுண்ணியது. மண்ணில் ஆழப் புதைக்காமல் மேலாகத் தூவி மெல்ல அழுத்தினாற் போதும். நீர் தேங்காத மணற்பாங்கான நிலமும் நல்ல வெயிலும் வேண்டும். எருவிட்டுக் கொழுக்க வைத்தலாகாது. பூ முடியுமுன் வெட்டாமல், முடிந்தபின் நுனிகளைக் கத்தரித்தல் நன்று. பூச்சிமருந்து தெளித்தல் கூடாதென்பது சொல்லாமலே விளங்கும். அருகே சிறிது மண்ணைக் கொத்தாமல் வெறுமையாக விடுதலும் வேண்டும். ஏனெனில், அந்நாட்டுக் காட்டுத் தேனீக்களுட் பெரும்பாலானவை மண்ணிலேயே வளை தோண்டி வாழ்வன.

இம்மலரைக் கையிலெடுத்து நோக்குவார்க்கு ஸ்பிரெங்கல் கற்பித்த பாடம் முழுவதும் அதில் விளங்கும். கீழுதடு பூச்சி வந்து அமர்தற்குரிய மேடை. குழாயின் அடியில் தேன். கேசரம் முன்னே முதிரச் சூல்முடி பின்னே முதிர்கின்றது. நம் நாட்டுத் தும்பையும் துளசியும் இச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தனவே. தும்பைப் பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சாத சிறுவர் நம் கிராமங்களில் யாவர்? அப்பூவுக்கும் தேன் வீணாக அமைந்ததன்று. நமது கலாசாலைச் சுவரோரத்தே களையெனப் பிடுங்கி எறியப்படும் தும்பைச் செடியை விட்டு வைத்து, காலை வேளையில் அரை மணி நேரம் அதனருகே அமர்ந்து, எப்பூச்சி வருகின்றது, அதன் உடலில் எப்பகுதியில் மகரந்தம் ஒட்டுகின்றது என நோக்கும் மாணவன், ஸ்பிரெங்கலின் மாணவனே ஆவான். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கண்ணும் பொறுமையும் போதும்.

உண்மையைக் கண்டவர்க்கு உடனே புகழ் வருமென்பது இல்லை. புகழ் வாராமையால் உண்மை பொய்யாவதும் இல்லை. பிறர் மதிப்பை எதிர்பாராது, தாம் கண்டதைக் கண்டவாறே வரைந்து வைத்துச் சென்றார் ஸ்பிரெங்கல். அவர் வரைந்தது பிறர்க்கு வித்தாயிற்று. அத்தகைய உழைப்பை மேற்கொள்ளும் மாணவர் நம் கலாசாலையிலும் தோன்றுவாராக என வேண்டி, இச்சரித்திரத்தை முடிக்கின்றோம்.